நம்பிக்கையை விற்ற கம்பெனி... ஃபோக்ஸ்வாகன் பெயர் வாங்கிய கதையும் கெடுத்துக்கொண்ட கதையும்!

பழைய கார் விற்கும் இடத்துக்குப் போய் ஒரு போலோவின் கதவைச் சாத்திப் பாருங்கள். 'டொப்' என்று கனமாக ஒரு சத்தம் வரும். பக்கத்தில் நிற்கும் புரோக்கர் அதற்காகவே காத்திருந்தவர்போல ஆரம்பிப்பார். "ஜெர்மன் வண்டி சார்... தகடு எப்படி இருக்கு பாத்தீங்களா?" அதே வண்டியைப் பற்றி ஒரு மெக்கானிக்கிடம் கேளுங்கள். "ஓட்ட சூப்பரா இருக்கும்ணே. ஆனா ஸ்பேர்ஸ் விலையைக் கேட்டா தலை சுத்தும்" என்பார்.

இரண்டு பேர் சொல்வதிலும் பொய் இல்லை. ஆனால், ஒரு கம்பெனியின் பெயர் தகட்டிலும் ஸ்பேர்ஸ் விலையிலும் மட்டுமா இருக்கிறது? ஃபோக்ஸ்வாகன் விஷயத்தில் நிச்சயமாக இல்லை. இந்த கம்பெனியின் கிட்டத்தட்ட 90 வருஷ வரலாற்றைப் புரட்டினால், அவர்கள் காரைவிட அதிகமாக விற்றது 'எங்களை நம்பலாம்' என்ற வார்த்தையைத்தான் என்று தோன்றும். அந்த வார்த்தையைச் சில சமயம் அருமையாகக் காப்பாற்றினார்கள். சில சமயம் காற்றில் பறக்கவிட்டார்கள்.

முதலில் பெயர். ஜெர்மன் மொழியில் 'ஃபோல்க்' என்றால் மக்கள், 'வாகன்' என்றால் வண்டி. மக்கள் கார். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால், அந்தப் பெயர் பிறந்த இடம் அவ்வளவு நன்றாக இல்லை.

ஸ்டாம்ப் ஒட்டினால் கார்!

1930களின் ஜெர்மனியில் கார் என்பது பணக்காரர்கள் சமாசாரம். ஆட்சிக்கு வந்த ஹிட்லர், சாதாரணத் தொழிலாளியும் வாங்கக்கூடிய கார் வேண்டும் என்றார். விலை 990 மார்க்கைத் தாண்டக் கூடாது என்பது நிபந்தனை. வடிவமைக்கும் வேலை 1934-ல் ஃபெர்டினாண்ட் போர்ஷேவிடம் போனது. ஆமாம், இன்று ஸ்போர்ட்ஸ் காரில் நாம் பார்க்கும் அதே 'போர்ஷே'தான். பின்பக்கம் இன்ஜின், ஆமை ஓடு மாதிரி உருண்டையான உடம்பு என்று ஒரு கார் உருவானது. அந்த யோசனை முழுக்க போர்ஷேவுடையதா என்பதில் பஞ்சாயத்து உண்டு. செக் நாட்டு டாட்ரா கம்பெனி, 'இதெல்லாம் எங்கள் காரில் இருந்தது' என்று கேட்டு, போருக்குப் பல வருஷம் கழித்து ஃபோக்ஸ்வாகனிடம் நஷ்டஈடு வாங்கியது.

1937-ல் கம்பெனி தொடங்கப்பட்டது. முதலீடு? நாஜிகள் தொழிற்சங்கங்களைக் கலைத்துவிட்டுப் பறித்துக்கொண்ட சொத்து. அதாவது, தொழிலாளிகளின் காசைப் பிடுங்கி, தொழிலாளிகளுக்கு கார் செய்து தருகிறோம் என்றார்கள். 1938 மே மாதம் ஃபாலர்ஸ்லேபன் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஹிட்லரே வந்து தொழிற்சாலைக்கு அடிக்கல் நாட்டினார்.

வாங்கும் முறையைக் கேட்டால் நம்மூர் சீட்டு, நகைச் சேமிப்புத் திட்டம் எல்லாம் ஞாபகத்துக்கு வரும். வாரம் 5 மார்க் கொடுத்து ஒரு ஸ்டாம்ப் வாங்கி, ஒரு புத்தகத்தில் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். 990 மார்க்குக்குக் கணக்குப் போட்டால் 198 வாரம், கிட்டத்தட்ட நாலு வருஷம். வட்டி கிடையாது. நடுவில் வேண்டாம் என்று விலகவும் முடியாது. சுமார் 3,36,000 பேர் இப்படி ஸ்டாம்ப் ஒட்டினார்கள்.

அத்தனை பேரில் எத்தனை பேருக்கு கார் கிடைத்தது தெரியுமா? ஒருவருக்குக்கூட இல்லை.

1939-ல் போர் தொடங்கிவிட்டது. தொழிற்சாலை ராணுவ வண்டிகள் செய்தது. ஆள் பற்றாக்குறைக்கு அவர்கள் கண்ட வழிதான் இந்தக் கதையிலேயே கறுப்பான பக்கம். போலந்து, சோவியத் நாட்டுக்காரர்கள், போர்க்கைதிகள், வதை முகாம் கைதிகள் என்று சுமார் 20,000 பேரைக் கட்டாய வேலை வாங்கினார்கள். அங்கே வேலை செய்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து, ரூயன் என்ற கிராமத்தில் ஒரு விடுதியில் அடைத்தார்கள். நூற்றுக்கணக்கான பச்சிளம் குழந்தைகள் கவனிப்பில்லாமல் அங்கேயே செத்துப்போயின. பொறுப்பாக இருந்த கம்பெனி டாக்டரைப் போருக்குப் பிறகு பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றம் தூக்கில் போட்டது.

இதை கம்பெனி பல காலம் பேசவில்லை. 1980களில்தான் ஹான்ஸ் மாம்சன் என்ற வரலாற்றாசிரியரிடம் 'எங்கள் வரலாற்றை நீங்களே தோண்டி எழுதுங்கள்' என்று ஒப்படைத்தார்கள். 1996-ல் தடிமனான புத்தகமாக அது வந்தது. 1998-ல், உயிரோடிருந்த கட்டாயத் தொழிலாளிகளுக்காக 2 கோடி மார்க் நிதி ஒதுக்கினார்கள். போர் முடிந்து அதற்குள் 53 வருஷம் ஓடிவிட்டது.

ஸ்டாம்ப் ஒட்டியவர்கள் கதை என்ன ஆனது? கோர்ட்டுக்குப் போனார்கள். பத்து வருஷத்துக்கு மேல் இழுத்து, 1961-ல் சமரசம் ஆனது. புது கார் வாங்கினால் 600 மார்க் வரை தள்ளுபடி, கார் வேண்டாம் என்றால் கையில் 100 மார்க். நாலு வருஷச் சேமிப்புக்கு 100 மார்க் என்பது எந்த ஊர் நியாயமோ!

தோற்ற நாட்டில் ஒரு பிரிட்டிஷ் மேஜர்

1945-ல் போர் முடிந்தபோது, அந்தத் தொழிற்சாலை குண்டு விழுந்து கூரை பிய்ந்து கிடந்தது. ஊருக்கு வோல்ஃப்ஸ்பர்க் என்று புதுப்பெயர் வைத்தார்கள். இடம் பிரிட்டிஷ்காரர்கள் கட்டுப்பாட்டில் வந்தது. அவர்கள் நினைத்திருந்தால் இயந்திரங்களைக் கழற்றி எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். தோற்றவன் சொத்துதானே?

அங்கே பொறுப்புக்கு வந்த மேஜர் ஐவன் ஹிர்ஸ்ட் வேறு மாதிரி யோசித்தார். அவர் ஒரு இன்ஜினீயர். தொழிற்சாலையில் கிடந்த ஒரு காருக்கு ராணுவப் பச்சை பெயின்ட் அடித்து, தலைமையகத்துக்கு அனுப்பி ஓட்டிக் காட்டச் செய்தார். பிரிட்டிஷ் ராணுவத்துக்கும் அப்போது வண்டிப் பஞ்சம். 20,000 வண்டிகளுக்கு ஆர்டர் கிடைத்தது. 1945 டிசம்பர் கடைசியில் உற்பத்தி தொடங்கிவிட்டது. சாப்பாடு இல்லை, இரும்புத்தகடு இல்லை, மழை பெய்தால் உள்ளே ஒழுகும். அந்த நிலைமையில் ஹிர்ஸ்ட் செய்த ஒரு காரியம் அப்போது யார் கண்ணிலும் பெரிதாகப் பட்டிருக்காது. தரத்தைச் சோதிக்க ஒரு பிரிவு, விற்ற பிறகு வண்டியைப் பார்த்துக்கொள்ள சர்வீஸ், டீலர் ஏற்பாடு. வண்டியே ஒழுங்காகச் செய்ய முடியாத காலத்தில், விற்ற வண்டிக்கு யார் பொறுப்பு என்பதை முதலில் தீர்மானித்தார்!

இந்தத் தொழிற்சாலையை எடுத்துக்கொள்ளச் சொல்லி ஃபோர்டிடமும் பேச்சு நடந்தது. அவர்கள் எடுக்கவில்லை. பின்னாளில் அதை நினைத்து எத்தனை பேர் கையைப் பிசைந்தார்களோ தெரியாது.

1948-ல் ஹைன்ஸ் நோர்டாஃப் நிர்வாகத்துக்கு வந்தார். ஓப்பல் கம்பெனியில் வேலை பார்த்தவர். வருஷா வருஷம் புது மாடல் விடும் அமெரிக்க வழக்கம் அவரிடம் எடுபடவில்லை. வெளித்தோற்றத்தை அப்படியே வைத்துக்கொண்டு, உள்ளே இருக்கும் பாகங்களை ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே போனார். வெளிநாட்டில் கார் விற்பதென்றால், ஸ்பேர்ஸும் பயிற்சி பெற்ற மெக்கானிக்கும் அங்கே இருந்தாக வேண்டும் என்பது அவர் கொள்கை.

கார் அதற்கு ஒத்துழைத்தது. இன்ஜினைக் குளிர்விக்கத் தண்ணீரே தேவையில்லை, காற்றுதான். ரேடியேட்டர் இல்லை, ஹோஸ் இல்லை, தண்ணீர் பம்ப் இல்லை. ஜெர்மன் குளிரில் உறைந்துபோகவும் எதுவும் இல்லை, பிரேசில் வெயிலில் கொதித்து ஆவி விடவும் எதுவும் இல்லை. ரேடியேட்டரைத் திறந்து தண்ணீர் ஊற்றி, பானெட்டைத் தூக்கி வைத்துக் காத்திருந்த தலைமுறைக்கு இதன் அருமை தெரியும். சத்தம் கொஞ்சம் அதிகம், வேகம் கம்மி. ஆனால், காலையில் சாவியைத் திருப்பினால் கிளம்பும். மக்கள் அதற்கு 'வண்டு' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். அதுதான் பீட்டில். 1955-ல் பத்து லட்சமாவது பீட்டில் வெளியே வந்தது. 1972 பிப்ரவரியில், ஃபோர்டின் 'மாடல் டி' வைத்திருந்த உலக சாதனையைத் தாண்டியது. 2003-ல் மெக்சிகோவில் கடைசி வண்டி இறங்கியபோது மொத்தக் கணக்கு 2 கோடியே 15 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இலங்கையில் பீட்டில் வைத்திருப்பவர்களுக்கென்று சங்கமே உண்டு என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்.

'இது மொக்கை வண்டி' என்று ஒரு விளம்பரம்

எல்லாவற்றையும்விட ஆச்சர்யம் அமெரிக்கா. போர் முடிந்து 14 வருஷம்தான் ஆகியிருந்தது. ஹிட்லர் அடிக்கல் நாட்டிய தொழிற்சாலையில் செய்த காரை நியூயார்க்கில் விற்க வேண்டும். அதுவும் அமெரிக்கர்கள் படகு மாதிரி நீளமான, வால் முளைத்த கார்களில் மயங்கிக் கிடந்த காலம். 1959-ல் இந்த வேலையை எடுத்துக்கொண்டது டாயில் டேன் பெர்ன்பாக் என்ற விளம்பர நிறுவனம். அதன் மூளையாக இருந்த பில் பெர்ன்பாக் ஒரு யூதர்.

அவர்கள் செய்த முதல் விளம்பரங்களில் ஒன்றில் பக்கம் முழுக்க வெற்றிடம். மேலே ஒரு ஓரத்தில் துக்குணியூண்டு கார். கீழே, சின்னதாக யோசியுங்கள் என்ற பொருளில் இரண்டே வார்த்தை. இன்னொன்று அதைவிட தைரியம். காரின் படத்துக்குக் கீழே 'லெமன்' என்று ஒரே வார்த்தை. அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'லெமன்' என்றால் தேறாத வண்டி. நம் பாஷையில் மொக்கை பீஸ். தன் பொருளைத் தானே மொக்கை என்று எவனாவது சொல்வானா என்று கீழே படித்தால் விஷயம் புரியும். உள்ளே ஒரு குரோம் பட்டையில் இருந்த சின்னக் குறையைச் சோதனையில் கண்டுபிடித்து, அந்த காரைக் கப்பல் ஏற்றாமல் நிறுத்திவிட்டார்களாம்.

குறையைச் சொல்லியே நம்பிக்கை வாங்கும் வித்தை இது. 'நம்ம தப்பை நாமே சொல்லிட்டா, மத்ததையும் உண்மைன்னு நம்புவாங்க.' விளம்பரத் துறையில் இதை இன்றும் பாடமாக வைத்திருக்கிறார்கள். ஆனால், வெறும் வாய் ஜாலத்தில் இது நின்றிருக்காது. சொன்னபடி வண்டி ஓடியது, சொன்னபடி சர்வீஸ் கிடைத்தது. அதனால்தான் நின்றது. ஹிப்பிகள் பூ வரைந்து ஓட்டிய வேனும் இதே கம்பெனிதான் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அடுத்த கட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 70களில் பீட்டில் கிழடு தட்டி கம்பெனி தள்ளாடியபோது, 1974-ல் வந்த கோல்ஃப் தூக்கி நிறுத்தியது. அப்புறம் ஆடி, சீட், ஸ்கோடா, பென்ட்லி, லம்போர்கினி, கடைசியாக போர்ஷே என்று வரிசையாக எல்லாம் குடைக்குள் வந்தன. இந்த கம்பெனி தொழிற்சாலை கேன்டீனுக்காக 1973-லிருந்து சாசேஜும் செய்கிறது. அதற்கு ஸ்பேர் பார்ட் மாதிரியே ஒரு நம்பர் வேறு! சில வருஷங்களாக ஃபோக்ஸ்வாகன் பெயரில் போகும் கார்களைவிட அந்த சாசேஜ்தான் எண்ணிக்கையில் அதிகம்.

டிக்கியில் இருந்த கருவி

2000களின் பின்பாதியில் ஃபோக்ஸ்வாகனுக்கு உலகின் நம்பர் 1 ஆகும் ஆசை. அதற்கு அமெரிக்காவில் விற்றாக வேண்டும். கையில் எடுத்தது டீசல். 'மைலேஜும் கிடைக்கும், காற்றும் கெடாது. இது சுத்தமான டீசல்' என்று விளம்பரம் செய்தார்கள். சுற்றுச்சூழல்மேல் அக்கறை இருந்தவர்கள்தான் இந்த கார்களைத் தேடித் தேடி வாங்கினார்கள் என்பதைக் கவனத்தில் வையுங்கள்.

டீசல் இன்ஜினில் ஒரு தலைவலி உண்டு. அதிக வெப்பத்தில் எரியும்போது நைட்ரஜன் ஆக்சைடு வாயுக்கள் உண்டாகும். நுரையீரலைப் பதம் பார்க்கும் வாயு. இதைக் குறைக்கத் தனிக் கருவிகள் வேண்டும். அவை செலவு வைக்கும், மைலேஜைக் கடிக்கும், அடிக்கடி பராமரிப்பும் கேட்கும். அமெரிக்க விதியோ ரொம்பக் கறார். விலை, மைலேஜ், சுத்தம் மூன்றையும் ஒன்றாகக் கொடுக்க முடியவில்லை. அப்போது எடுத்த குறுக்குவழி சாஃப்ட்வேர்.

புகைச் சோதனை எப்படி நடக்கும்? ஒரு கூடத்தில் காரை உருளைமேல் நிறுத்தி, குறிப்பிட்ட வேகத்தில் குறிப்பிட்ட நேரம் ஓட்டுவார்கள். சக்கரம் சுற்றும், ஆனால் ஸ்டீயரிங் திரும்பாது. அந்த சாஃப்ட்வேர் இதையெல்லாம் வைத்து, 'ஓஹோ, இப்போ டெஸ்ட் நடக்குது' என்று புரிந்துகொள்ளும். உடனே மாசுக்கட்டுப்பாடு முழு வேகத்தில் வேலை செய்யும். ரோட்டுக்கு வந்ததும் அடக்கி வாசிக்கும். இன்ஸ்பெக்டர் வரும் நாளில் மட்டும் ஒழுங்காகப் படிக்கும் பள்ளிக்கூடம்போல!

கண்டுபிடித்தது போலீஸ் இல்லை, போட்டி கம்பெனியும் இல்லை. அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஒரு சின்னக் குழு. அதில் அரவிந்த் திருவேங்கடம், ஹேமந்த் கப்பண்ணா என்று இந்தியாவிலிருந்து போன இரண்டு ஆராய்ச்சியாளர்களும் இருந்தார்கள். சர்வதேச அளவில் போக்குவரத்து மாசு பற்றி ஆராயும் ஓர் அமைப்பு கொடுத்த சிறிய நிதியில், டிக்கியில் புகை அளக்கும் கருவியை ஏற்றிக்கொண்டு கலிஃபோர்னியா சாலைகளில் ஓட்டினார்கள். அதில் ஒரு பஸாட் மட்டும் 3,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. அவர்கள் நோக்கம் யாரையும் பிடிப்பது அல்ல. டீசல் அமெரிக்காவில் சுத்தமாகத்தான் ஓடுகிறது என்று காட்டுவோம் என்ற நினைப்பில்தான் வேலையே தொடங்கியது.

கணக்குப் பார்த்தால், பஸாட் அனுமதித்த அளவைப்போல 5 முதல் 20 மடங்கு வாயுவைக் கக்கியது. ஜெட்டா 15 முதல் 35 மடங்கு. அதே கார்கள் சோதனைக்கூடத்தில் சமர்த்தாக பாஸ் ஆகின. 2014-ல் அறிக்கை வெளியானது. ஒரு வருஷத்துக்கு மேல் ஏதேதோ தொழில்நுட்பக் காரணம் சொல்லிச் சமாளித்த கம்பெனி, கடைசியில் ஒப்புக்கொண்டது. 2015 செப்டம்பர் 18 அன்று அமெரிக்க அரசு விஷயத்தை வெளியிட்டது. உலகம் முழுக்க 1 கோடியே 10 லட்சம் கார்களில் அந்த சாஃப்ட்வேர் இருந்தது. ஐந்தே நாளில் தலைவர் மார்ட்டின் வின்டர்கார்ன் ராஜினாமா செய்தார்.

அமெரிக்காவில் 2016-ல் போட்ட சமரசம் மட்டும் 1,470 கோடி டாலர் வரை. அன்றைய கணக்கில் ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ரூபாய்! திருப்பி வாங்கிய லட்சக்கணக்கான கார்களை நிறுத்த இடமில்லாமல், மூடிக்கிடந்த விளையாட்டு அரங்கத்திலும் பாலைவன விமான நிலையத்திலும் வரிசையாக நிறுத்தினார்கள். அந்தப் படங்கள் இணையத்தில் கிடைக்கும், தேடிப் பாருங்கள். வழக்குகள் சுலபத்தில் ஓயவில்லை. 2025 மே மாதம்கூட ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் நீதிமன்றம் நான்கு பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்து, அதில் இருவரைச் சிறைக்கு அனுப்பியது.

'அப்போ கம்பெனி படுத்திருக்குமே?' என்றுதானே கேட்கிறீர்கள். இல்லை. 2016-ல் டொயோட்டாவை முந்தி உலகிலேயே அதிக வண்டி விற்றது ஃபோக்ஸ்வாகன் குழுமம்தான்! கம்பெனிக்கு உண்மையான நெருக்கடி வந்தது பிற்பாடு, சீனச் சந்தை கைநழுவியபோதும் எலெக்ட்ரிக் கார் போட்டியில் பின்தங்கியபோதும்தான். 2030-க்குள் ஜெர்மனியில் 35,000க்கும் மேற்பட்ட வேலைகளைக் குறைப்பதாக 2024 டிசம்பரில் தொழிற்சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டார்கள். புகை மோசடிக்கு வாடிக்கையாளர்கள் கொடுக்காத தண்டனையைச் சந்தை வேறு காரணத்துக்குக் கொடுத்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

நம்மூரில் என்ன கதை?

2010 செப்டம்பரில் ஒரு காலை, 'தி இந்து', 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' பேப்பரைப் பிரித்தவர்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. பேப்பர் பேசியது! வென்ட்டோ காருக்காகக் கடைசிப் பக்கத்தில் குட்டி ஸ்பீக்கர் ஒட்டியிருந்தார்கள். ஃபோக்ஸ்வாகன் இந்தியாவில் வென்ட்டோவை விளம்பரப்படுத்திய விதம் அது.

புனேவுக்குப் பக்கத்தில் சாகனில் தொழிற்சாலை வைத்து போலோ, வென்ட்டோ விற்றார்கள். கதவுச் சத்தம், நெடுஞ்சாலையில் ரோட்டைப் பிடித்துக்கொண்டு போகும் நிதானம், இதெல்லாம் பெயர் வாங்கித் தந்தது. பாதுகாப்பிலும் நல்ல பெயர்தான். ஆனால் 2014-ல், ஏர்பேக் இல்லாத இந்திய போலோவை குளோபல் என்கேப் மோதிச் சோதித்தபோது ஒரு ஸ்டாரும் கிடைக்கவில்லை. உடம்பு பலமாகத்தான் இருந்தது, தலையைக் காப்பாற்ற ஏர்பேக் இல்லை. உடனே ஏர்பேக் இல்லாத மாடலையே நிறுத்தினார்கள். இரண்டு ஏர்பேக்கோடு அதே கார் 4 ஸ்டார் வாங்கியது. இப்போதைய டைகூன், விர்ட்டூஸ் இரண்டுக்கும் 5 ஸ்டார். 'தகடு கனம்' என்பதை மட்டும் வைத்து பாதுகாப்பை எடை போடக் கூடாது என்பதற்கு போலோவைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

புகை விவகாரம் இங்கேயும் எட்டியது. ஏஆர்ஏஐ சோதித்தபோது சாலையில் 1.1 முதல் 2.6 மடங்கு வரை அதிகம் என்று வந்தது. 2015 டிசம்பரில் ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா, ஆடி மூன்றிலும் சேர்த்து 3,23,700 டீசல் கார்களுக்கு ரீகால் அறிவித்தார்கள். இந்திய விதிகளை மீறவில்லை என்று கம்பெனி சொன்னது. 2019-ல் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் போட்டது, உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை கொடுத்தது.

அந்த கார்களில் பல இன்றும் நம் ரோட்டில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய சந்தையில் நல்ல கிராக்கியும் இருக்கிறது. 2008-லிருந்து 2015 நவம்பர் வரை வந்த டீசல் போலோ, வென்ட்டோ, ரேபிட், ஆக்டேவியா எதையாவது நீங்கள் பார்த்து வைத்திருந்தால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சேசிஸ் நம்பரை வாங்கிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். வண்டி ரீகால் பட்டியலில் இருந்ததா, சாஃப்ட்வேர் மாற்றினார்களா, என்ன தேதியில் மாற்றினார்கள் என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் டைமிங் பெல்ட் மாற்றிய பதிவு இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அது அறுந்தால் இன்ஜினே போய்விடும், செலவும் பெரிசு.